வர்த்தமானியும் பிரட்டுக்களமும்: ஊவாத் தோட்டங்களை ஆண்ட விதிகள் ஆக்கப்பட்ட முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியலமைப்புக்களையும் பாராளுமன்றத்திலே நிறைவேறிய சட்டங்களையுமே பெரிதும் கருத்திற் கொள்வர். ஆனால், சாதாரண மனிதனுடைய வாழ்வை மிக நெருங்கி நின்று ஆள்வன அச்சட்டங்களின் கீழ் அமைச்சரும் ஆணையாளரும் சபைகளும் ஆக்குகின்ற விதிகளும் கட்டளைகளும் அறிவித்தல்களுமே ஆகும். ஒரு நாட்சம்பளம் எவ்வளவு, பிரசாவுரிமை கோருபவர் எந்தப் பத்திரத்தைக் காட்டவேண்டும், எத்தினத்துக்கு முன் காட்டவேண்டும் என்பன போன்றவை அலுவலகங்களிலே தீர்மானிக்கப்பட்டு வர்த்தமானியிலே அச்சாகின்றன. இவ்விதிகள் ஆக்கப்படுமுன் யாருடைய சொல் கேட்கப்பட்டது என்னும் வினாவை எமது வரலாற்று நூல்கள் அதிகம் எழுப்பியதில்லை. அவ்வினாவைப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் இத்தோட்டங்களிலே அரசாங்கம் என்பது நெடுங்காலம் தொலைவிலிருந்த ஒரு பொருளாகவே இருந்தது. விடியற்காலையிலே பிரட்டுக்களத்திற் கூடும் தொழிலாளிக்கு விதி என்பது துரையின் சொல். அதைக் கொண்டு வருபவர் கணக்கப்பிள்ளை. அதை நிறைவேற்றுபவர் கங்காணி. இக்கட்டுரையாளர் வளர்ந்த தோட்டத்திலும் சம்பளம் மாறியது என்னும் செய்தி பிரட்டுக்களத்திலே வாய்மொழியாகவே வந்தது. அம்மாற்றத்தை முன்மொழிந்த வர்த்தமானியைக் கண்ணாற் கண்டவர் அங்கு எவரும் இலர்.

கேட்கப்பட்டோரும் கேட்கப்படாதோரும்

தோட்டத் தொழிலைப் பற்றிய ஆரம்பகாலச் சட்டங்கள் ஒரு பக்கத்தாரைக் கேட்டே ஆக்கப்பட்டன. துரைமார் சங்கம் 1854ஆம் ஆண்டிலே கண்டியில் நிறுவப்பட்டது. சட்டநிரூபண சபையிலே தோட்டத்துறையின் நலன்களைப் பேச ஐரோப்பிய உறுப்பினர் இருந்தனர். தொழிலாளியைப் பேச எவரும் இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் இந்நிலையின் விளைபொருளாகும். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது இடமளித்தது. கடன்பட்ட தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறையும் 1921 வரை நீடித்தது.

இருபதுகளிலே ஏற்பட்ட மாற்றம் வெளியிலிருந்தே வந்தது. 1922ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின் மூலம் இந்திய அரசாங்கம் தன் மக்கள் கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டிலே அதன் முகவர் ஒருவர் இலங்கையில் நியமிக்கப்பட்டார். இவ்விரு அரசாங்கங்களுக்குமிடையே நடந்த பேச்சுக்களின் பயனாகவே 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் ஆகக்குறைந்த சம்பளக் கட்டளைச் சட்டம் தோன்றியது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், உயர்நாட்டுத் தோட்டங்களிலே ஆண்களுக்கு 54 சதம், பெண்களுக்கு 43 சதம், சிறுவர்களுக்கு 32 சதம் என அமைந்தது. மத்திய நாட்டிலும் தாழ்நாட்டிலும் இவை சிறிது குறைந்திருந்தன.

இது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், தொழிலாளிக்காகப் பேசியவர் தொழிலாளி அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேசியது இன்னொரு நாட்டின் அரசாங்கம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏன் பதினொரு சதம் குறைவு என்ற கேள்வியை அப்பெண் எழுப்பக்கூடிய இடம் அம்முறையிலே இருக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. பதினொரு சதத்தில் தொடங்கிய அந்த வேற்றுமை நீங்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

டொனமூர் பிரபுவின் இரு பணிகள்

இக்காலப் பகுதியிலே, சட்டத்தின் கீழ் அதிகாரிகள் விதி செய்யும் முறை பற்றிய சிந்தனை பிரித்தானியாவிலும் வளர்ந்து வந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்த ஆணைக்குழுவின் தலைவராக டொனமூர் பிரபுவை நாம் அறிவோம். அவரே 1929இல் பிரித்தானியாவில் நியமிக்கப்பட்ட அமைச்சர் அதிகாரங்கள் பற்றிய குழுவுக்கும் முதற் தலைவராக இருந்தார் என்பது எம்மிற் பலர் அறியாதது. பாராளுமன்றம் தன் அதிகாரத்தை அமைச்சருக்குக் கையளிக்கும்போது அவர் செய்யும் விதிகளுக்கு என்ன கட்டுப்பாடு என்பதே அக்குழுவின் ஆய்வுப் பொருள். அதன் அறிக்கை 1932இல் வெளிவந்தது.

இவ்விரு பணிகளும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் எனலாம். வாக்கு என்பது சட்டம் செய்வோரைத் தெரிவு செய்யும் வழி. விதியாக்க முறை என்பது, அவர்கள் கையளித்த அதிகாரம் அலுவலகத்திலே பயன்படுத்தப்படும்போது மக்கள் தம் சொல்லைச் சொல்லும் வழி. 1931இல் வந்த வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தர வதிவு போன்ற நிபந்தனைகளோடு வந்தது. பின்னர் அதுவும் பறிபோயிற்று. முதல் வழி அடைபட்டவர்களுக்கு இரண்டாவது வழியே எஞ்சி நின்றது. ஆகவே, அவ்வழியின் தன்மையை ஆராய்வது அவசியமாகின்றது.

வெவெஸ்ஸ, 1940

அவ்வழியைத் தொழிலாளர் தாமே திறக்க முயன்ற ஒரு சந்தர்ப்பம் ஊவாவிலேதான் நிகழ்ந்தது. 1939 முதல் தோட்டங்களிலே வேலைநிறுத்த அலையொன்று எழுந்தது. 1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வலை பின்னர் ஊவாவுக்குப் பரவியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்திலே, லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் இயங்கிய தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையுடன் கலந்தாலோசித்தே தோட்ட நிருவாகத்தை நடத்துவதாகத் துரை உடன்பட்டார். அமைதியை நிலைநாட்டவென்று அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்கள் தொழிலாளராற் பறிக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் பதுளையிலே தடையை மீறி நடந்த பெருங்கூட்டத்தில் கலாநிதி என். எம். பெரேரா உரையாற்றினார். அடுத்த மாதம் அவர் உட்படத் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். இயக்கம் அடக்கப்பட்டது.

வெவெஸ்ஸ நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு கலகமாகவே நினைவுகூரப்படுகின்றது. நிருவாக வரலாற்றின் நோக்கிற் பார்ப்பின், அதன் உள்ளடக்கம் மிக எளிமையானது. 'எம்மைக் கேளாமல் எமக்கு விதி செய்யாதீர்' என்பதே அது. கேட்பவர்களும் கேட்கப்படுபவர்களும் ஒரே களத்தில் நின்றமையால், அங்கு இடையிலே முகவரோ வழக்கறிஞரோ வேண்டியிருக்கவில்லை. அச்சபை நீண்டு நிலைக்கவில்லை எனினும், ஊவாத் தொழிலாளர் தம்மை ஆளும் விதிகளின் ஆக்கத்திலே நேரடியாகப் பங்குகொண்ட அரிய சந்தர்ப்பம் அதுவாகும்.

1941: ஏட்டிலே ஒரு முன்னோடி

அடுத்த ஆண்டிலே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. தற்செயலாக அதன் இலக்கமும் 27 ஆகவே அமைந்தது. இதன்படி ஒவ்வொரு தொழிலுக்கும் அமைக்கப்படும் சபையிலே முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையினராக அமர்வர். இவர்களுடன் தொழில் ஆணையாளரும் அரசாங்கம் நியமிப்போரும் இருப்பர். சபை தான் செய்ய எண்ணும் தீர்மானத்தை முதலில் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். குறித்த தினத்துக்கு முன் எழுத்து மூலம் வரும் ஆட்சேபனைகளை ஆராய வேண்டும். பின்னரே தீர்மானம் அமைச்சரின் அங்கீகாரத்துக்குச் செல்லும். அமைச்சர் உடன்படாவிடின் அதனை மீள்பரிசீலனைக்கு அனுப்பலாம்.

முன்னறிவித்தல், ஆட்சேபனை, ஆராய்வு, தீர்மானம் என்ற இந்நாற்படி முறையின் சிறப்பை உணர அக்கால உலகை நோக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே சமஷ்டி அரசாங்கத்தின் முகவர் நிலையங்கள் விதி செய்யும் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்ற விவாதம் முப்பதுகளிலே மூண்டிருந்தது. அங்கு சட்டமா அதிபர் நியமித்த குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டதும் 1941ஆம் ஆண்டிலேதான். நிருவாக நடவடிக்கைமுறைச் சட்டம் 1946இல் நிறைவேறியது. முன்மொழியும் விதியைப் பிரசுரித்தல், அக்கறையுள்ளோர் தம் கருத்தைத் தெரிவிக்க இடமளித்தல், இறுதி விதியுடன் அதன் அடிப்படையையும் நோக்கத்தையும் சுருக்கமாக எடுத்துரைத்தல் என்பன அதன் சாரமாகும். அமெரிக்காவின் இச்சட்டம் எல்லா முகவர் நிலையங்களுக்கும் பொதுவானது. எமது கட்டளைச் சட்டமோ சம்பளம் ஒன்றுக்கே உரியது. ஆயினும் அக்கருத்து இலங்கையின் ஏட்டிலே ஐந்தாண்டுகள் முன்னதாகவே இடம்பெற்றுவிட்டது.

ஏட்டிலே இடம்பெற்றது களத்திலே இடம்பெற்றதா என்பதே அடுத்த வினா. ஆட்சேபனை எழுத்தில் வரவேண்டும். எழுதுவதற்கு, முன்மொழிவு வெளிவந்ததை அறிந்திருக்க வேண்டும். சட்டமொழி விளங்க வேண்டும். குறித்த நாட்களுக்குள் தபாலிற் சேர்க்க வேண்டும். கொழும்பிலே அலுவலகமும் வழக்கறிஞரும் உள்ள கம்பெனிக்கு இவை யாவும் எளிது. மடுல்சீமை லயமொன்றில் வாழ்பவருக்கு இவற்றுள் எதுவும் எளிதன்று. ஆகவே, முறை இரு பக்கத்தாருக்கும் ஒன்றாகவே இருந்தும் அதன் பயன் ஒரு பக்கம் சாய்ந்தது. தொழிலாளியின் குரல் தொழிற்சங்கத் தலைவரின் குரலாக மட்டுமே சபையை எட்டியது.

விண்ணப்பப் படிவத்தின் ஆட்சி

விதி ஆக்கப்படும் முறை போலவே, அது நிறைவேற்றப்படும் நடைமுறையும் மனிதர் வாழ்வைத் தீர்மானிக்க வல்லது. இதற்குப் பிரசாவுரிமை வரலாற்றை விடச் சிறந்த சான்று எமது நாட்டில் இல்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸுக்கு ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது போலத் தோன்றியது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததாக விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவும் குடியிருப்புச் சான்றும் இல்லாத மக்களிடம் இவை கேட்கப்பட்டன. நிரூபிக்கும் பாரம் முழுவதும் அவர்களின் தோளிலே ஏற்றப்பட்டது. காங்கிரஸ் முதலிற் சட்டத்தைப் பகிஷ்கரித்தமையால் காலமும் கழிந்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் முடிவடைந்த தவணைக்குள் சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் அடங்கியோர் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர். இறுதியிலே பிரசாவுரிமை பெற்றவர்களோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

இதனோடு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஒப்பிடுவோமாயின் நடைமுறையின் வலிமை தெளிவாகும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டமே பிரசாவுரிமை வழங்கியது. ஆண்டாண்டாக நீளும் தனிப்பட்ட விசாரணைக்குப் பதிலாக எளிய பிரகடனம் போதுமாயிற்று. இடைப்பட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் மலைநாட்டு மக்களின் தன்மை மாறிவிடவில்லை. அரசியல் விருப்பம் மாறியது. அவ்விருப்பம் பயன் தந்தது நடைமுறை மாறியமையாலேயே ஆகும்.

ஆயிரம் ரூபாவும் ஆயிரத்து எழுநூறு ரூபாவும்

1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், சம்பளம் பெரும்பாலும் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையிலான கூட்டு ஒப்பந்தத்தாலேயே தீர்மானிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாக் கோரிக்கை அவ்வழியிலே நிறைவேறாமற் போகவே, 2021இல் பிரச்சினை மீண்டும் சம்பளச் சபைக்கு வந்தது. 1941ஆம் ஆண்டின் பழைய முறை மீண்டும் உயிர்பெற்றது. முன்மொழிவு அறிவிக்கப்பட்டது, ஆட்சேபனைகள் கேட்கப்பட்டன, மார்ச் மாதத்தில் 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாக் கொடுப்பனவும் வர்த்தமானியிற் பிரசுரமாயின. கம்பெனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. அங்கு இடைக்காலத் தடை வழங்கப்படவில்லை.

ஆனால், நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் ஒரு 'பேர்' என்ற கேள்வி தீர்க்கப்படாமலே இருந்தது. பல தோட்டங்களிலே அவ்வளவு கூட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அளவுக்குக் குறைந்தோருக்கு 'அரைப்பேர்' மட்டுமே விழுந்தது. ஏட்டிலே ஆயிரமாக இருந்தது கையிலே ஐந்நூறாயிற்று. முன்மொழிவு பிரட்டுக்களத்திலே வாசிக்கப்பட்டிருந்தால், கொழுந்துக் கூடையைச் சுமக்கும் எந்தப் பெண்ணும் முதலிற் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுவே. கேட்கப்படவேண்டியவரைக் கேளாமையால் விதி ஓட்டையுடன் பிறந்தது.

2024இல் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பாடம் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதம் 1,350 ரூபா அடிப்படையும் 350 ரூபாக் கொடுப்பனவுமாக 1,700 ரூபா வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. உரிய முறையிலே கலந்தாலோசிக்கப்படவில்லை, இயற்கை நீதி மீறப்பட்டது என்பன கம்பெனிகளின் வாதங்களுட் சில. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அக்கட்டளையை இடைநிறுத்தியது. செப்தெம்பரிலே புதிய தீர்மானத்தின்படி 1,350 ரூபா நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது. கம்பெனிகளின் வாதம் சரியா, பிழையா என்பது இங்கு எமது ஆய்வுப் பொருளன்று. முறையிலே ஐயத்துக்கு இடம் வைத்து ஆக்கப்படும் விதி, அது எவருக்கு நன்மை செய்ய வந்ததோ அவர்களையே இறுதியிற் கைவிடக்கூடும் என்பதே நாம் கொள்ள வேண்டியது. முறை என்பது வலியோரின் கவசம் மட்டுமன்று. எளியோர் பெற்ற நன்மை நிலைப்பதற்கான அத்திவாரமும் அதுவே.

முடிவுரை

முறையை விரிக்க விரிக்கத் தாமதமும் விரியும், தாமதம் வசதி படைத்தவருக்கே உதவும் என்று கூறுவோர் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. அமெரிக்காவிலும் கருத்துத் தெரிவிப்போரிற் பலர் பெருங் கம்பெனிகளே என்ற குறை நெடுங்காலமாக உண்டு. ஆனால், அந்நாடு அம்முறையைக் கைவிடவில்லை. அதனை ஆராய்ந்து திருத்துவதற்கென்றே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிருவாக மாநாடு என்ற நிறுவனத்தை உண்டாக்கியது. 1995இல் நிதியின்றி மூடப்பட்ட அந்நிறுவனம் 2010இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆக்கிய விதிகளைப் பின்னர் மீளாய்வு செய்தல் பற்றி 2014இலும், எளிய மொழியில் விதி எழுதுதல் பற்றி 2017இலும், வழக்கமாகக் கருத்துச் சொல்லாத மக்களைத் தேடிச் சென்று கேட்டல் பற்றி 2018இலும் அது சிபார்சுகள் செய்தது.

இம்மூன்றும் ஊவாவுக்கு அந்நியமானவை அல்ல. சம்பளச் சபையின் முன்மொழிவு எளிய தமிழிலே எழுதப்பட்டுப் பிரட்டுக்களத்தில் வாசிக்கப்படலாம். தொழில் அலுவலர் தோட்டத்துக்கு வந்து வாய்மொழி ஆட்சேபனைகளை எழுதிக் கொள்ளலாம். எவ்வாட்சேபனை ஏன் ஏற்கப்பட்டது, ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற காரணங்கள் தீர்மானத்துடன் வெளியிடப்படலாம். ஓராண்டு கழிந்ததும் எத்தனை பேருக்கு முழுப்பேர் விழுந்தது, எத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது என்று கணக்கெடுக்கப்படலாம். இவற்றுக்குப் புதிய அரசியலமைப்பு வேண்டியதில்லை. தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 2016இல் வந்துவிட்டது.

எமது பல்கலைக்கழகங்களின் கலைப்பீட மாணவரும் இதிலே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வர்த்தமானியின் ஏடுகளையும் தோட்டங்களின் செக்றோல் புத்தகங்களையும் அருகருகே வைத்து வாசிப்பதே அது. முன்னையதில் விதியின் சொல் உண்டு. பின்னையதில் அதன் விளைவு உண்டு. இவ்விரண்டுக்குமிடையில் எவரும் எழுதி வைக்காத ஆட்சேபனைகள் கிடக்கின்றன. தொண்ணூறு வயதைத் தாண்டிய சில மூதாட்டியர் இன்றும் அவற்றை நினைவிற் கொண்டுள்ளனர். அவர்கள் உள்ளபோதே அவற்றைக் கேட்டு எழுதுதல் எமது கடனாகும்.